பம்ப்காரர் சொல்லிக்கொடுத்த முடிச்சு

பம்ப்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். தபால்காரர்கூட உறையின் மேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, யாருடா இது என்று யோசித்து, அப்புறம் வீட்டு இலக்கத்தைப் பார்த்து, "அட, நம்ம பம்ப்காரர்" என்று கொண்டுவந்து கொடுப்பார். வயது நாற்பத்தாறு. ஆழ்துளைக் கிணற்றில் கிடக்கும் மோட்டாரை மேலே தூக்கி, பழுது பார்த்து, மறுபடி உள்ளே இறக்குவது தொழில். முந்நூறு அடிக்குக் கீழே இருப்பதை மேலே கொண்டுவருகிற மனிதர், மனசில் இருப்பதை வாய்வரைக்கும் கொண்டுவர மாட்டார். அந்த வீட்டு வாகே அப்படி.

பள்ளிப் படிப்பு பத்தாவதோடு நின்றது. தம்பிக்காக நின்றேன் என்று வெளியே சொல்லுவார். மனைவி பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார், ஏனென்றால் கணக்கில் இரண்டு முறை தவறியது அவளுக்குத் தெரியும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் சேர்ந்து, அடி வாங்கி, தொழில் கற்று, இருபத்து நான்கு வயதில் தனியாக வந்தார். அப்போது அப்பாவும் இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்று இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அன்று ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருடம்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். மூன்று இரும்புக் கால்களை நிறுத்தி, உச்சியில் சங்கிலிக் கப்பியை மாட்டி, குழாயோடு சேர்த்து மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். ஒரு குழாய் உள்ளே போனதும் அடுத்ததை மேலே திருகிச் சேர்ப்பார்கள். இது போக, மோட்டாரின் தலையில் இருக்கும் வளையத்தில் ஒரு நைலான் கயிறு கட்டி, அதையும் கூடவே விட்டுக்கொண்டு வர வேண்டும். எங்காவது குழாயைத் திருகிச் சேர்த்த மரை விட்டுவிட்டால் அந்தக் கயிறுதான் மோட்டாரைக் காப்பாற்றும். நைலான் வழுக்கும். நனைந்தால் இன்னும் வழுக்கும். அதனால் முடிச்சுப் போடுவதில் ஒரு முறை இருக்கிறது: வளையத்தில் இரண்டு சுற்று, அப்புறம் கயிற்றின் மேலேயே இரண்டு கண்ணி, இரண்டும் ஒரே பக்கமாக. வாலை ஒரு முழம் விட்டுத் தீயில் காட்டி உருக்க வேண்டும். முடிச்சுப் போடுவது பம்ப்காரர். பக்கத்தில் நட்ட கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றை அங்குலம் அங்குலமாக விடுவது அப்பா.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் நிஜமாகவே மரை விட்டது. நூற்றைம்பது அடி ஆழத்தில் மொத்தப் பாரமும் கயிற்றுக்கு வந்தது. அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துபோனது, ஆனால் கயிறு நின்றது, முடிச்சு நின்றது. மோட்டார் பத்திரமாக மேலே வந்ததும் தோட்டக்காரர் பம்ப்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "வேலை ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றார் இவர். வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டிலாவது ஏதாவது சொல்லுவார் என்று பம்ப்காரர் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டு காத்திருந்தார். வயிறு உப்பியதுதான் மிச்சம்.

சரி, அப்பாவின் சுபாவமே அதுதான் என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி இன்னொருவன் இருந்தான். சின்னவன். பம்ப்காரருக்கு எட்டு வயது இளையவன், பதினேழு வயதில் நகரத்துக்குப் போய், எதையெதையோ செய்து, கடைசியில் சினிமா எடுக்கிறவனாகிவிட்டான். ஏதோ ஒரு மேடையில் அவன் பரிசு வாங்கும் படம் கண்ணாடி போட்டு டி.வி.க்கு மேலே இருந்தது. அப்பா தினமும் காலையில் தன் துண்டாலேயே அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். கண் பார்வை மங்கிய பிறகும் விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பம்ப்காரருக்கு வயிறு எரியும். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுவது யாரால், அப்பாவுக்கு இரண்டு வேளை கண்ணில் மருந்து விடுவது யார், இதெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டுகிற சமாச்சாரமா? அவருக்கு அப்பாவிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நன்றாக இருக்கிறது, பரவாயில்லை, எதுவாக இருந்தாலும் சரி. இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. சொல்லாமலேயே அவளுக்குத் தெரியும். முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவள்.

அந்தச் சின்னவன்தான் ஒருநாள் இரண்டு வேனில் பத்துப் பேரோடு வந்து இறங்கினான்.

"அண்ணா, நம்ம வீட்லயே ஒரு படம் எடுக்கப்போறேன். அமைதியான படம். சண்டை, பாட்டு ஒன்னும் கிடையாது."

"அப்புறம் படத்துல என்னதான் இருக்கும்?"

"நாமதான் இருப்போம்."

நகரத்துக்குப் போன தம்பி, போகாத அண்ணன், நடுவில் அப்பா. அதுதான் கதை. அப்பாவாக அப்பாவே நடிப்பார். அண்ணனாக நடிக்க நகரத்திலிருந்து ஒரு நடிகர் வந்திருக்கிறார். ஏன், அண்ணன் இங்கேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என்று பம்ப்காரர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டிருக்க வேண்டும். "உனக்குக் கேமரா சரிப்படாதுண்ணா" என்று சின்னவன் போன வருடம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். அதில் பம்ப்காரர் அடையாள அட்டைக்கு நிற்பது போல நின்றுகொண்டிருந்தார். மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. மனைவி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நடிகர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொந்தரவே. திமிர் பிடித்த ஆளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இவரோ வந்த அன்றே சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். பம்ப்காரரின் மீசை மாதிரியே மீசை வைத்திருந்தார். அண்ணியிடம் கேட்டு அண்ணனின் பழைய சட்டை மூன்றைச் சின்னவன் வாங்கிக் கொடுத்தான். பம்ப்காரருக்கு வயிற்றுப் பக்கம் பொத்தான் தெறிக்கிற அதே சட்டை, நடிகருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"என்னங்க, உங்க டூப்ளிகேட் ரெடி" என்றாள் மனைவி. "ஒரிஜினலை விட நல்லாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னவன் ஆரம்பித்தான். நகரத்திலிருந்து வரும்போதெல்லாம் அவன் ஏதாவது ஆரம்பிப்பான். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்லுவான், வாசலில் பார்த்ததும் கட்டிப்பிடிப்பான். அவன் கட்டிப்பிடிக்கும்போது பம்ப்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மின்கம்பம் மாதிரி நிற்பார்.

"அண்ணா, நீ அப்பாகிட்ட என்னைக்காவது உங்களை எனக்குப் பிடிக்கும்னு சொல்லிருக்கியா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சொன்னாத்தானே தெரியும்."

"ரெண்டு வேளை கண்ணுல மருந்து விடுறேன். அதுல தெரியாதா?"

"அது வேலை. நான் கேக்குறது மனசை."

"உன் ஊர்ல மனசைத் தனியா எடுத்து வச்சுப் பேசுவீங்கபோல. இங்க வேலையோட சேர்ந்துதான் கிடக்கு" என்றார் பம்ப்காரர். அவருக்கே ஆச்சரியம், இவ்வளவு நீளமாக எப்படிப் பேசினோம் என்று. நடிகர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், பம்ப்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டை போயிற்று, மீசை போயிற்று, இப்போது வாயில் வருகிற பேச்சையும் எடுத்துக்கொள்கிறானே என்று இருந்தது.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. மறுநாள் நடந்ததுதான் நெஞ்சில் தைத்தது.

படத்தின் கடைசிக் காட்சியை வாசலில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அண்ணன் கிணற்றில் மோட்டாரை இறக்குகிறான், அப்பா கயிறு விடுகிறார். வேலை முடிந்ததும் அப்பா அண்ணனைக் கட்டிப்பிடித்து, "நீ இருக்கிறதாலதான் நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சின்னவன் எழுதிய வசனம். பம்ப்காரர் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சொல்லத் திணறுவார், வாய் வராது, ஒத்திகை நாறிப்போகும் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

அப்பா நேராக நடந்து போனார். நடிகரின் தோளைப் பிடித்தார். இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "நீ இருக்கிறதாலதான் நான் இருக்கேன்" என்றார். தினமும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவர் மாதிரி இருந்தது.

"பிரமாதம்பா, இன்னொரு தடவை" என்றான் சின்னவன். இன்னொரு தடவை செய்தார். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை. நடிகர் திரும்பியது சரியில்லை, இன்னொரு தடவை. பம்ப்காரர் கையில் ஸ்பேனரோடு எண்ணிக்கொண்டிருந்தார். பதினோரு தடவை. நாற்பத்தாறு வருடத்தில் தனக்கு ஒருமுறைகூட நடக்காதது, யாரோ ஒருவனுக்கு ஒரே முற்பகலில் பதினோரு தடவை நடந்தது. அதுவும் தன் சட்டைக்குள் நின்றுகொண்டு.

மதியம் வீட்டுக்குள் போனவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா நடிகரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். நடிகர் ஒரு விரலால் இமையை விலக்கி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

"வேஷத்துக்குப் பழகணும்னு கேட்டேண்ணா. தப்பில்லையே?" என்றார் நடிகர்.

"இவன் கை உன் கை மாதிரி முரடா இல்லடா" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. "மருந்து விழுறதே தெரியல."

பம்ப்காரர் வெளியே வந்தார். மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க. மாமா அதைத்தான் பண்றார்போல" என்றாள். வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அந்த நேரம் பார்த்தா சின்னவன் வர வேண்டும்? "அண்ணா, நாளைக்குக் கிணத்துக் காட்சி எடுக்குறோம். அவருக்கு அந்த முடிச்சைக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடு. கேமரா கையைத்தான் காட்டப்போகுது. அச்சா உன் கை மாதிரியே இருக்கணும்."

அச்சாக உன் கை மாதிரி. பம்ப்காரர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நடிகர் பணிவாக எதிரே உட்கார்ந்தார். வளையத்தில் இரண்டு சுற்று, சரியாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் கண்ணி, சரி. இரண்டாவது கண்ணிக்கு வந்ததும் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் அதை எதிர்ப்பக்கமாகப் புரட்டிப் போட்டுக் காட்டினார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இழுத்தால் இறுகத்தான் செய்யும். ஈரம் பட்டுப் பாரம் ஏறினால் மட்டும் மெல்ல மெல்ல வழுக்கி அவிழ்ந்துவிடும். படப்பிடிப்புக்கு வைத்திருப்பது உள்ளே ஒன்றுமில்லாத வெற்று மோட்டார், விழுந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை என்பதையும் யோசித்துக்கொண்டார். படம் வரட்டும், இந்தத் தொழிலில் இருக்கிறவன் ஒவ்வொருத்தனும் பார்ப்பான், இவன் எல்லாம் மோட்டார் இறக்குகிறானாம் என்று கைகொட்டிச் சிரிப்பான். நடிகர் இருபது முறை, முப்பது முறை போட்டுப் பார்த்தார். பாவம், தப்பான முடிச்சைத் தப்பே இல்லாமல் கற்றுக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பம்ப்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவள் நூலைக் கடித்து அறுத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"சிரிக்கிறவங்க யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?"

"அவனைப் பாத்துத்தான்."

"அவன் யாரா நடிக்கிறான்?"

பம்ப்காரர் நூல்கண்டைக் கையில் எடுத்து உருட்டினார்.

"படத்துல இருக்கிறது நீங்க. சட்டை உங்களது, மீசை உங்களது, வீடு உங்களது. முடிச்சுப் போடத் தெரியாதவர்னு ஊரே சொல்லப்போறதும் உங்களைத்தான். எதிராளிக்குச் சகுனத்தடை ஆகணும்னு தன் மூக்கை அறுத்துக்கிட்ட கதையால்ல இருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பத்தாவதில் கணக்கில் தவறியது சும்மாவா? காலையில் முதல் வேலையாக நடிகரைக் கூப்பிட்டு, இப்படிப் போடாதீங்க, அப்படிப் போடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். ஒரு வார்த்தைதானே.

காலையில் சொல்லத்தான் போனார். வாசலில் அப்பாவும் நடிகரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடிகர் ஏதோ சொல்ல, அப்பா டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அப்பாவின் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே பம்ப்காரருக்கு மறந்துபோயிருந்தது. நடிகர் அவர் முதுகைத் தடவிவிட்டு, "பாத்து, ஐயா" என்றார்.

"என்ன ஐயா கொய்யான்னுக்கிட்டு. அப்பான்னே கூப்பிடு" என்றார் அப்பா.

பம்ப்காரர் வந்த வழியே திரும்பிவிட்டார். மூக்கு போனால் போகட்டும் என்று தோன்றியது.

அடுத்த தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கிணற்றில் படப்பிடிப்பு. முக்காலியும் கப்பியும் பம்ப்காரருடையவை. அவற்றை நிறுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றார். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடிகர் மண்ணில் மண்டியிட்டு முடிச்சைப் போட்டார், கேமரா அவர் விரல்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு சுற்று. ஒரு கண்ணி. இரண்டாவது கண்ணி, புரட்டி. கச்சிதமாகச் செய்தார்.

அப்பா கயிற்றை வாங்கிக்கொள்ள வந்தார். கம்பத்தில் சுற்ற வேண்டியவர், சுற்றவில்லை. நடிகர் கயிற்றை இழுத்து இறுக்கிய விதத்தில் ஏதோ ஒன்று அவருக்குச் சரியாகப்படவில்லை போலிருக்கிறது. நேராக மோட்டாரிடம் வந்தார். பார்வை மங்கல் அல்லவா, குனிந்து கட்டைவிரலால் முடிச்சைத் தடவினார். சுற்றைத் தடவினார், முதல் கண்ணியைத் தடவினார், அடுத்ததில் விரல் நின்றது.

"இது என் பையன் கட்டுற மாதிரி இல்ல" என்றார்.

"அப்பா, கேமரா ஓடுது. கயித்தைக் கையில எடுத்துக்கோங்க" என்றான் சின்னவன் அடங்கிய குரலில்.

"எடுக்க மாட்டேன். இதை நம்பி எப்படி எடுக்கிறது?"

"இது சும்மா படத்துக்குப்பா. உள்ள வெறும் கூடுதான்."

"படத்துல நான் யாரு? இவனோட அப்பன்தானே. அப்பன் எப்படி எடுப்பான்?" அப்பா நிமிர்ந்தார். யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று தெரியவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை, மரத்தடியையும் பார்க்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா நான் கயிறு விடுறேன். முடிச்சை ஒரு நாள்கூட நான் தடவிப் பாத்ததில்ல. என் பையன் கட்டினான்னா கட்டினான். கை தோலு உரிஞ்சப்பக்கூட, முடிச்சு விட்டுடுமோன்னு எனக்குத் தோணல. குழாய் விட்டாலும் அவன் முடிச்சு விடாது. அவன் இப்படிக் கட்ட மாட்டான்."

நடிகர் மெல்ல எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, மரத்தடியில் நின்ற பம்ப்காரரை ஒரு முறை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை. "நான்தான் சரியாக் கத்துக்கலப்பா. அண்ணன் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றார். அந்த ஆளின் நல்ல குணத்தில் இடி விழ. திட்டுகிறமாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பம்ப்காரர் பிழைத்துப்போயிருப்பார்.

"பெரியவனே, நீ வந்து கட்டு" என்றார் அப்பா.

பம்ப்காரர் வந்தார். மண்டியிட்டார். இத்தனை வருடம் தவம் கிடந்த வார்த்தை. அப்பாவின் வாயிலிருந்து, பத்துப் பேருக்கு முன்னால், கேமராவுக்கும் முன்னால். சாகும்வரைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கேட்ட நேரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் கிடந்தது தான் சொல்லிக்கொடுத்த திருட்டு முடிச்சு. அதை அவிழ்த்தார். இரண்டு சுற்று, இரண்டு கண்ணி, ஒரே பக்கமாக. அப்பா முடிச்சைத் தொடவில்லை. கயிற்றை எடுத்துக் கம்பத்தில் ஒரு சுற்றுப் போட்டு, "விடு" என்றார்.

கட்டிப்பிடிக்கும் காட்சியை எடுக்கவே இல்லை. "இதுக்கு மேல என்ன வேணும்? இதுதான் படம்" என்றான் சின்னவன். அப்புறம் பம்ப்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நான் ஊரை விட்டுப் போய் இருபத்தோரு வருஷம் ஆச்சுண்ணா. என் போட்டோவைத் துடைக்கிறார், சரி. பாக்காமலே நம்புற மாதிரி என்கிட்ட அவருக்கு ஒன்னுமே இல்ல. எனக்கு வயிறு எரியுதுண்ணா." இதைக் கேட்க பம்ப்காரர் எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பார். கேட்டபோது இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றார். தம்பி வழக்கம்போலக் கட்டிப்பிடித்தான். அன்றுதான் முதல்முறையாக இவர் தன் கையைத் தூக்கி அவன் முதுகில் வைத்தார்.

வீட்டுக்கு வண்டியில் திரும்பினார்கள். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"அப்பா."

"ம்."

"அந்த முடிச்சு..."

"தெரியும்."

வண்டி கொஞ்ச தூரம் போனது.

"தெரியாதவன் கட்டினா வாலைக் குறைச்சு விடுவான். இறுக்காம விடுவான்" என்றார் அப்பா. "மத்ததெல்லாம் சுத்தமாப் போட்டுட்டு, கடைசிக் கண்ணியை மட்டும் புரட்டிப் போட அவனுக்கு எப்படித் தெரியும்? அது தெரிஞ்சவன் வேலை."

"தெரிஞ்சுமா எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னது நிஜம்தானே. நேத்து வரைக்கும் நிஜம்."

பம்ப்காரருக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. வண்டியை மெதுவாக்கினார்.

"ஏன்டா?" என்றார் அப்பா.

"பதினோரு தடவை கட்டிப்பிடிச்சீங்கப்பா. நான் எண்ணினேன்."

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அப்பா சொன்னார். "அது அவங்க சொன்னாங்க, செஞ்சேன்டா. அவன் முடிச்சை நம்பிக் கயித்தை எடுத்தேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் கண்ணுக்கு மருந்து விடும் நேரத்தில் வழக்கம்போல இவரைத்தான் கூப்பிட்டார். நடிகரும் மற்றவர்களும் மறுநாள் கிளம்பிப் போனார்கள். நடிகர் மூன்று சட்டைகளையும் துவைத்து, மடித்து, அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

படம் பிற்பாடு வந்தது. பக்கத்து ஊர்த் தியேட்டரில் ஓடியது. தொழில்காரர்கள் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். "உங்கப்பா ஒரு போடு போட்டார் பாருங்க பம்ப்காரரே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று கையைக் குலுக்கினார்கள். பம்ப்காரர் தலையை ஆட்டிவைப்பார். ஏனென்றால் படம் வருவதற்கு வெகு முன்னால், வேன்கள் கிளம்பிப்போன நான்காம் நாளே, ஒரு பப்பாளித் தோட்டத்தில் அவருக்கு வேலை வந்திருந்தது.

நிஜ மோட்டார். முந்நூற்று இருபது அடி. பம்ப்காரர் முக்காலியை நிறுத்தினார், கப்பியை மாட்டினார், மண்டியிட்டுக் கயிற்றைக் கட்டினார். என்றைக்கும் இல்லாத கவனத்தோடு கட்டினார். வாலை ஒரு முழம் விட்டுத் தீயில் காட்டினார். எழுந்து, கயிற்றின் மறுமுனையை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. மெல்ல நடந்து மோட்டாரிடம் வந்தார். குனிந்து, கட்டைவிரலால் முடிச்சைத் தடவினார். சுற்று. முதல் கண்ணி. இரண்டாவது கண்ணி. பம்ப்காரர் நீட்டிய கயிற்றோடு அப்படியே நின்றார். கப்பி இழுக்க வந்த இரண்டு ஆட்களும் சங்கிலியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. கயிற்றை வாங்கிக் கம்பத்தில் ஒரு சுற்றுப் போட்டார்.

"விடு."